எமோ ராக் புதிதாகக் கேட்பவருக்கு: எந்த ஆல்பம் முதலில், அதன்பின் எங்கே?

கேள்வி இதுதான்: மை கெமிக்கல் ரொமான்ஸ், பாராமோர் என்ற இரண்டு ராக் குழுக்களும் பிடித்துப்போய்விட்டன. இன்னும் கேட்கலாம் என்று 'எமோ' எனத் தேடினால் 2005ஐ ஒட்டிய அதே பாட்டுகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. இன்னொரு பக்கம், இவையெல்லாம் எமோவே இல்லை, அசல் எமோ வேறு என்கிறார்கள். அந்த 'வேறு' எங்கே இருக்கிறது? எதிலிருந்து தொடங்குவது?

நடுவிலிருந்து தொடங்குங்கள். முதலில் மூன்று ஆல்பங்கள், இந்த வரிசையில்: ஜிம்மி ஈட் வேர்ல்டின் 'பிளீட் அமெரிக்கன்' (2001), சன்னி டே ரியல் எஸ்டேட்டின் 'டயரி' (1994), அமெரிக்கன் ஃபுட்பால் குழுவின் முதல் ஆல்பம் (1999). அதன்பின் பட்டியல்களை விட்டுவிட்டு ஆட்களைப் பின்தொடருங்கள். எமோ என்பது சின்னச் சின்ன ஊர்களில் ஒருவரையொருவர் அறிந்த இளைஞர்கள் வளர்த்த இசை. ஒரே ஆள் ஐந்து வருடத்தில் மூன்று குழுக்களில் இருந்திருப்பார். ஒரே ஒலிப்பதிவாளர் பத்து ஆல்பங்களில் கை வைத்திருப்பார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் எந்தச் செயலியும் காட்டாத இடங்களுக்குப் போய்ச் சேரலாம்.

இந்த இசை பிறந்த ஊர் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன். 1980களின் தொடக்கத்தில் அங்கே ஹார்ட்கோர் பங்க் கொடிகட்டிப் பறந்தது. ஒன்றிரண்டு நிமிடத்தில் முடியும் பாட்டு, தலைதெறிக்கும் வேகம், சமூகத்தின் மீது கோபம். போகப்போக மேடைக்கு முன்னால் அடிதடி அதிகமாகி, வாசித்தவர்களுக்கே அது சலித்துவிட்டது. 1985 கோடையில் அதே ஆட்கள் புதுக் குழுக்களோடு வந்தார்கள். அந்தக் கோடையைப் 'புரட்சிக் கோடை' என்றே அழைக்கிறார்கள். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் அதில் முதன்மையானது. வேகமும் கத்தலும் குறையவில்லை. ஆனால் கத்தியது அரசாங்கத்தைப் பார்த்தல்ல, தன்னைப் பார்த்து: இழப்பு, குற்றவுணர்வு, கைநழுவிப்போன நட்பு. அந்த ஆண்டே டிஸ்கார்ட் நிறுவனம் அவர்களுடைய ஆல்பத்தை வெளியிட்டது. டிஸ்கார்டை நடத்திய இயன் மெக்கேயும் எம்ப்ரேஸ் என்றொரு குழு தொடங்கினார். இந்தக் குழுக்களுக்கு 'எமோகோர்' ('எமோஷனல் ஹார்ட்கோர்' என்பதன் சுருக்கம்) என்று வெளியிலிருந்து பெயர் ஒட்டியபோது, அதை மேடையிலேயே கடுமையாக இகழ்ந்தவர் மெக்கே. அன்றிலிருந்து இன்றுவரை இந்தப் பட்டத்தை மனமுவந்து ஏற்றுக்கொண்ட குழுக்கள் குறைவு. மை கெமிக்கல் ரொமான்ஸின் ஜெரார்ட் வேயும் தங்களை எமோ என்று அழைப்பதை மறுத்திருக்கிறார். எது எமோ, எது இல்லை என்ற சண்டை நாற்பது வருடமாக நடக்கிறது. அதில் நீங்கள் தலையிட வேண்டியதில்லை.

வரலாறு 1985இல் தொடங்குகிறது என்பதற்காகக் கேட்பதையும் அங்கேயே தொடங்காதீர்கள். புதிதாக வருகிறவர்கள் பாதியில் விட்டுப்போக முக்கியக் காரணம் இதுதான். அந்த ஆல்பங்கள் குறைந்த செலவில், விரைவாகப் பதிவானவை. இன்றைய ஒலிப்பதிவுக்குப் பழகிய காதுக்கு பேஸ் மெலிந்தும் கிட்டார்கள் ஒன்றோடொன்று குழம்பியும் கேட்கும். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ன செய்தார்கள் என்பது, அவர்களுக்குப் பின்னால் வந்த பத்துக் குழுக்களைக் கேட்ட பிறகுதான் முழுதாக விளங்கும். இரண்டு மாதம் கழித்து அந்த ஆல்பத்துக்கு வாருங்கள். அதில் பாடும் கீ பிச்சோட்டோவின் தொண்டை கிழிவது அப்போது வெறும் இரைச்சலாகக் கேட்காது.

இனி முதல் ஆல்பம். ஜிம்மி ஈட் வேர்ல்ட் அரிசோனா மாநிலத்தின் மேசா ஊர்க்காரர்கள். 1999இல் 'கிளாரிட்டி' வெளிவந்து சரியாக விற்காததால் கேப்பிடல் நிறுவனத்தோடு உறவு முறிந்தது. அடுத்த ஆல்பத்தின் பதிவுக்குத் தாங்களே பணம் போட்டார்கள். பிறகுதான் டிரீம்வொர்க்ஸ் அதை வாங்கியது. அதுதான் 'பிளீட் அமெரிக்கன்'. அதிலுள்ள 'த மிடில்' பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 5ஆம் இடம் வரை ஏறியது. மெட்டுகள் பளிச்சென்று பிடிபடும், ஒலிப்பதிவு தெளிவு, ஒரு பாட்டும் வீணில்லை. பாராமோர் பிடித்தவருக்கு இது முதல் முறையிலேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது பாட்டான 'எ பிரெய்ஸ் கோரஸ்' மீது மட்டும் கொஞ்சம் கவனம் வையுங்கள். அதில் இடையே வேறொரு குரல் நுழையும். அது த பிராமிஸ் ரிங் குழுவின் டேவி வான் போலன். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு எங்கெல்லாம் போகலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

'பிளீட் அமெரிக்கன்' பிடித்தால் உடனே 'கிளாரிட்டி'யையும் கேட்கலாம். விற்காமல் போன அந்த ஆல்பத்தைத்தான் இன்று பலர் அவர்களுடைய சிறந்த படைப்பு என்கிறார்கள். அது சரியான மதிப்பீடு. கடைசிப் பாட்டு 16 நிமிடத்துக்கு மேல் ஓடும். பாதிக்குப் பிறகு குரல் துணுக்குகள் அடுக்கடுக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும். செயலி மாட்டிக்கொண்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டாவது, 'டயரி'. சியாட்டில் நகரம் கிரஞ்ச் என்ற கரடுமுரடான ராக் இசையால் உலகப் புகழ் பெற்றிருந்த நேரத்தில், அதே ஊரிலிருந்து, அதே சப் பாப் நிறுவனத்தின் வழியாக வந்த ஆல்பம். மூன்று முறை கேட்காமல் இதைத் தீர்மானிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன், ஏனென்றால் எமோ எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. முதல் முறை, இரண்டாவது பாட்டான 'இன் சர்க்கிள்ஸ்' எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். சரணத்தில் கிட்டார் தனித்தனி ஸ்வரங்களாகச் சொட்டும். குரல் கிட்டத்தட்ட முணுமுணுப்பு. பல்லவிக்கு வந்ததும் கிட்டார் ஒலியை முரடாக்கும் டிஸ்டார்ஷன் மிதி அழுத்தப்பட்டு எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கும். அடங்கிய சரணம், வெடிக்கும் பல்லவி என்ற உத்தி கிரஞ்சிலும் உண்டு. இங்கே வேறுபடுவது குரல். ஜெரமி எனிக் பல்லவியில் கோபத்தோடு உறுமுவதில்லை; மேல் ஸ்தாயிக்குப் போய், உடைந்துவிடும் நிலையில் நின்று பாடுகிறார். இரண்டாம் முறை, பின்னால் டேன் ஹோர்னர் கத்தும் துணைக்குரலைக் கேளுங்கள். மூன்றாம் முறை டிரம்ஸை மட்டும். வில்லியம் கோல்ட்ஸ்மித் தாளத்தை நேராகப் போக விடாமல், குரலோடு சேர்ந்து ஏறி இறங்குவது அப்போதுதான் தெரியும். 1995இல் குழு உடைந்ததும் அவரும் பேஸ் வாசித்த நேட் மென்டலும் டேவ் குரோலின் ஃபூ ஃபைட்டர்ஸுக்குப் போனார்கள்.

நம் காதுக்கு உறுத்தக்கூடிய ஒன்றைப் பற்றி இங்கே பேசியாக வேண்டும். சுருதி சுத்தத்தைப் பாட்டின் முதல் தகுதியாக வைத்து வளர்ந்தவர்கள் நாம். எமோவில் பாடகர் சுருதியை விட்டு விலகுவார், தொண்டை கட்டிய மாதிரி பாடுவார், ஸ்வரத்தைத் தொட முயன்று தொடாமலே விட்டுவிடுவார். முதல் வாரத்தில் இது பாடத் தெரியாதவரின் பாட்டாகத் தோன்றும். சிலருக்கு உண்மையிலேயே பாடத் தெரியாது. ஆனாலும் அந்தத் தவறிய ஸ்வரத்தைத் திருத்தாமல் விட்டது தெரிந்தே செய்தது. தேர்ந்த பாடகர் ஒருவர் அழகாகப் பாடிக் கொடுத்தால் இந்த வரிகள் பொய்யாகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். கேப்'ன் ஜாஸ் குழுவின் டிம் கின்செல்லா இதில் உச்சம்; அவரிடம் நேராகப் போகாமல் எனிக் வழியாகப் போகச் சொல்வது இதனால்தான். உடைந்த குரலுக்கு எனிக்கிடம் காது பழகிவிட்டால் மற்றவர்கள் எளிது.

மூன்றாவது ஆல்பத்தில் கத்தலே கிடையாது. அமெரிக்கன் ஃபுட்பால் இல்லினாய் மாநிலத்தின் அர்பானா–ஷாம்பெய்ன் பல்கலைக்கழக ஊரில் மூன்று மாணவர்கள் நடத்திய குழு. ஒன்பது பாட்டுகள் கொண்ட, அப்போதைய ஒரே ஆல்பத்தைப் பாலிவைனல் நிறுவனம் 1999இல் வெளியிட்டது. படிப்பு முடிந்ததும் குழுவும் கலைந்தது. அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடங்களில் கேட்டவர் கேட்டவருக்குச் சொல்லிச் சொல்லியே அது வளர்ந்து, 2014இல் அவர்கள் மறுபடி மேடையேறும் அளவுக்கு ஆனது. உறையில் இருக்கும் வெள்ளை வீடு அர்பானாவில் இன்றும் நிற்கிறது. ரசிகர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வீடு கைமாறி இடிபட்டுவிடக் கூடாது என்று இசைக்குழுவினரும் பாலிவைனலும் இன்னும் சிலரும் சேர்ந்து 2023இல் அதை வாங்கிவிட்டார்கள்.

இந்த ஆல்பத்தில் கேட்க வேண்டியது இரண்டு கிட்டார்களின் உரையாடல். ஒன்று ஒரு சொற்றொடரைச் சுற்றிக்கொண்டே இருக்கும்; மற்றொன்று வேறு நீளத்தில் வேறொன்றைச் சுற்றும்; சில சுற்றுகளுக்குப் பிறகு இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும். தாளக் கணக்கில் காதுள்ளவர்களுக்கு இது தனி விருந்து. டிரம்ஸ் வாசிக்கும் ஸ்டீவ் லாமோஸே சில பாட்டுகளில் டிரம்பெட்டும் ஊதுகிறார். 'த சம்மர் எண்ட்ஸ்' கேளுங்கள். பாடும் வரிகள் மிகக் குறைவு. கோடை விடுமுறை முடிகிறது, ஒரு காதலும் முடிகிறது, இருவரும் அதைப் பக்குவமாகப் பேசிக்கொள்ள முயல்கிறார்கள். முழு ஆல்பத்தின் கதையும் அவ்வளவுதான்.

கிட்டார் வாசிப்பவராக இருந்தால், முதல் பாட்டான 'நெவர் மென்ட்'டை வழக்கமான சுருதி அமைப்பில் தேடி விரலை நோகடிக்காதீர்கள். தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை எஃப், ஏ, சி, ஜி, சி, இ என்று அதைக் கட்டியிருக்கிறார்கள். வழக்கமான அமைப்பிலிருந்து மூன்று கம்பிகள்தான் மாறுகின்றன: ஆறாவது கம்பியை அரை ஸ்வரம் ஏற்ற வேண்டும், நான்காவதை ஒரு முழு ஸ்வரம் இறக்க வேண்டும், இரண்டாவதை அரை ஸ்வரம் ஏற்ற வேண்டும். ஐந்து, மூன்று, ஒன்று அப்படியே இருக்கட்டும். நான்காவதை முதலில் இறக்கிவிட்டு மற்ற இரண்டையும் மெதுவாக ஏற்றினால் கழுத்தின் மீது இழுவை ஒரேயடியாகக் கூடாது. பழைய கம்பியாக இருந்தால் இரண்டாவது அறுபடலாம். புதிதாக மாற்றிவிட்டு முயலுங்கள். மூன்று கம்பி மாறினால் மற்றவையும் சற்று நழுவும் என்பதால் கடைசியில் ஆறையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். இப்படிக் கட்டியபின் எந்த விரலும் வைக்காமல் கம்பிகளை வருடினாலே அந்த ஆல்பத்தின் நிறம் வந்துவிடும்.

எதில் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். கைபேசியின் ஒலிபெருக்கியில் இந்த மூன்றில் எதையும் கேட்காதீர்கள். எமோ ஆல்பங்களில் இரண்டு கிட்டார்களை இடம், வலம் என்று பிரித்து வைப்பது வழக்கம். ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன் மாட்டினால் பாதிப் பாட்டு போய்விடும். விலை உயர்ந்த ஹெட்ஃபோன் தேவையில்லை, இரண்டு காதும் வேலை செய்யும் சாதாரணக் கம்பி இயர்ஃபோன் போதும். மெல்லிய பகுதி கேட்கவில்லையென்று ஒலியைக் கூட்டினால் அடுத்த பத்து நொடியில் வெடிக்கும் பகுதி காதைப் பதம் பார்த்துவிடும். ஆகவே உரத்த இடத்துக்கு ஏற்ப ஒலியளவை வைத்துவிட்டு, மெல்லிய இடத்துக்காக அமைதியான அறையைத் தேடிக்கொள்ளுங்கள். பேருந்தில் கேட்க இது உகந்த இசை அல்ல. செயலியில் பாட்டு வரிசையைக் குலைக்கும் ஷஃபிளையும், பாட்டுகளை ஒன்றோடொன்று கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள். வரிகளை முதல் முறை படிக்காமல் கேட்டுவிட்டு, இரண்டாம் முறை கண் முன்னால் வைத்துக்கொண்டு கேளுங்கள். உச்சரிப்பு பிடிபடவில்லை என்று வருந்த வேண்டாம், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கே பாதி பிடிபடாது.

இப்போது நீங்கள் ஏற்கெனவே நிற்கும் இடத்துக்கு வருவோம். மை கெமிக்கல் ரொமான்ஸ் நியூ ஜெர்சிக் குழு. 2002இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் தயாரிப்பாளர் ஜெஃப் ரிக்லி. அதே மாநிலத்தின் தர்ஸ்டே குழுவின் பாடகர். ஆகவே அங்கிருந்து பின்னோக்கி நடக்கச் சரியான அடுத்த படி தர்ஸ்டேயின் 'ஃபுல் கொலாப்ஸ்' (2001). மை கெமிக்கல் ரொமான்ஸின் 'த பிளாக் பரேட்' ஆல்பம் போல மேடை அலங்காரம், பாத்திரங்கள், பியானோவில் தொடங்கும் பிரம்மாண்டம் எதுவும் இதில் கிடையாது. அந்தப் பதற்றமும் வேகமும் எங்கிருந்து வந்தன என்பது மட்டும் அப்பட்டமாகத் தெரியும். பக்கத்து லாங் ஐலண்டிலிருந்து டேக்கிங் பேக் சண்டேயின் 'டெல் ஆல் யுவர் ஃபிரெண்ட்ஸ்' (2002). இரண்டு பாடகர்கள் ஒருவர் வாக்கியத்தை மற்றவர் வெட்டிக்கொண்டே பாடுவார்கள், ஒரு சண்டையை ஒட்டுக்கேட்பது போலிருக்கும். ஒரே ஓர் அகூஸ்டிக் கிட்டாரோடு இதையே செய்தவர் டாஷ்போர்டு கன்ஃபெஷனல் என்ற பெயரில் பாடும் கிறிஸ் கராபா. அவருடைய 2002 எம்டிவி அன்பிளக்டு பதிவில் கூட்டம் ஒவ்வொரு வரியையும் அவரைவிட உரக்கப் பாடுவதைக் கேட்டால், அந்த வயதினருக்கு இந்தப் பாட்டுகள் என்னவாக இருந்தன என்பது புரிந்துவிடும். ஃபால் அவுட் பாய், பேனிக் அட் த டிஸ்கோ பற்றி நான் விளக்க வேண்டியதில்லை, செயலியே கொண்டுவந்து நிறுத்திவிடும்.

பாராமோரிலிருந்தும் ஒரு குறுக்குவழி உண்டு. அமெரிக்கன் ஃபுட்பால் 2019இல் வெளியிட்ட மூன்றாவது ஆல்பத்தில் 'அன்கம்ஃபர்ட்டப்ளி நம்' என்ற பாட்டில் பாராமோரின் பாடகி ஹேலி வில்லியம்ஸ் சேர்ந்து பாடியிருக்கிறார். முதல் ஆல்பம் மிக மெதுவாகத் தோன்றினால் இந்தப் பாட்டின் வழியாக உள்ளே நுழையுங்கள்.

வான் போலனின் குரலைப் பிடித்துப் போகும் வழி இதுதான். அவருடைய த பிராமிஸ் ரிங், மில்வாக்கி நகரக் குழு. 'நத்திங் ஃபீல்ஸ் குட்' (1997) அவர்களுடைய சிறந்த ஆல்பம். சின்னச் சின்னப் பாட்டுகள், கொஞ்சும் மெட்டுகள். அதற்கு முன்னால் வான் போலன் கிட்டார் வாசித்தது சிகாகோ புறநகரின் கேப்'ன் ஜாஸில். பதின்வயதுப் பையன்கள் கட்டுக்கடங்காமல் வாசித்த அந்தக் குழு 1995இல் ஒரே ஓர் ஆல்பத்தோடு கலைந்தது. அவர்கள் பதிவு செய்தவற்றை ஜேட் ட்ரீ நிறுவனம் 1998இல் இரட்டைத் தொகுப்பாக வெளியிட்டது. அதில் டிரம்ஸ் வாசித்த பையன் மைக் கின்செல்லா. அமெரிக்கன் ஃபுட்பாலில் கிட்டார் வாசித்துப் பாடுகிறவர் அவரேதான். தனியாக ஓவன் என்ற பெயரிலும் பாடுகிறார். அண்ணன் டிம் கின்செல்லா ஜோன் ஆஃப் ஆர்க் குழுவுக்குப் போனார். 'பிளீட் அமெரிக்கன்' ஆல்பத்தில் சில வரிகள் பாடிவிட்டுப்போன ஒரு விருந்தாளியிடமிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

ஒலிப்பதிவாளர்களையும் இதேபோல் தொடரலாம். ஜாபாக்ஸ் குழுவின் ஜே ராபின்ஸ் 'நத்திங் ஃபீல்ஸ் குட்' மட்டுமல்லாமல் பிரெய்ட் குழுவின் 'ஃபிரேம் அண்ட் கேன்வஸ்' (1998), டெக்சஸ் இஸ் த ரீசன் குழுவின் ஒரே முழு ஆல்பம் (1996) ஆகியவற்றையும் தயாரித்தார். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் டிரம்ஸ் வறண்டு, முன்னால் நிற்கும் அவருடைய கைவண்ணம் புலப்படும். மார்க் டிராம்பினோ 'கிளாரிட்டி', 'பிளீட் அமெரிக்கன்' இரண்டையும் மினரல் குழுவின் 'எண்ட்செரனேடிங்' ஆல்பத்தையும் செய்தவர். வெளியீட்டு நிறுவனங்களும் நல்ல வழிகாட்டிகள்: 1980களுக்கு டிஸ்கார்ட்; 1990களுக்கு ஜேட் ட்ரீ, பாலிவைனல், கிராங்க்; 2010ஐ ஒட்டிய காலத்துக்கு டாப்ஷெல்ஃப், ரன் ஃபார் கவர், கவுன்ட் யுவர் லக்கி ஸ்டார்ஸ். இவற்றில் பல, இசை விற்கும் தளமான பேண்ட்கேம்பில் இருக்கின்றன. வாங்குமுன் பெரும்பாலும் முழு ஆல்பத்தையும் கேட்டுப் பார்க்கலாம்.

எமோ ரசிகர்களின் அடையாளமாக இருந்த கண்மை, முன்நெற்றி முடி எல்லாம் வழக்கொழிந்த பிறகு, 2008ஐ ஒட்டி, பென்சில்வேனியாவில் சிலர் கேப்'ன் ஜாஸ் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள். ஆல்ஜெர்னான் கேட்வாலடரின் 'சம் கைண்ட் ஆஃப் கேட்வாலடர்' அதன் தொடக்கம். கிட்டார் தந்தியை வலது கை விரலாலும் தட்டி வாசிக்கும் டேப்பிங், அதன் மேல் கீச்சென்ற குரல். ஐந்தாறு வருடங்களில் இந்த மறுமலர்ச்சி முழுதாக விளைந்தது. இதிலிருந்து ஒன்றே ஒன்று கேட்க நேரம் இருந்தால் மாசசூசெட்ஸின் த ஹோட்டலியர் 2014இல் வெளியிட்ட 'ஹோம், லைக் நோபிளேஸ் இஸ் தேர்'. என் மதிப்பில் இந்த நூற்றாண்டில் வந்த எமோ ஆல்பங்களில் இதுவே முதலிடம். டிரம்பெட் பிடித்திருந்தால் செயின்ட் லூயிஸின் ஃபாக்ஸிங், 'தி அல்பட்ராஸ்' (2013). பொறுமை குறைவென்றால் கலிஃபோர்னியாவின் ஜாய்ஸ் மேனர். 'நெவர் ஹங்ஓவர் அகெய்ன்' பத்துப் பாட்டும் 19 நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஹோட்டலியர் ஆல்பத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. அது தற்கொலையையும் வீட்டு வன்முறையையும் நேருக்கு நேர் பேசுகிறது. டச்சே அமோரே குழுவின் 'ஸ்டேஜ் ஃபோர்' (2016) பாடகரின் தாய் புற்றுநோயில் இறந்ததைப் பற்றியது. நல்ல மனநிலையில் கேட்டால் இவை துணையாக இருக்கும். ஏற்கெனவே மனம் தாழ்ந்திருக்கும் நாளில், இரவில், தனியாக, திரும்பத் திரும்பக் கேட்க உகந்தவை அல்ல. பாட்டு முடிந்த பிறகும் பாரம் இறங்கவில்லையென்றால் யாரிடமாவது பேசுங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 நாள் முழுவதும் கிடைக்கும்.

மெட்டல் கேட்டுப் பழகியவர்கள் வேறொரு வாசல் வழியாக வரலாம். எமோவின் முரட்டுக் கிளையான ஸ்கிரீமோ 1990களில் சான் டியேகோவில் கிராவிட்டி நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்தது. நியூயார்க்கின் சயீஷா, மாசசூசெட்ஸின் ஆர்கிட் இரண்டும் அதன் அடுத்த கட்டம். பாட்டுகள் குறுகியவை, குரல் முழுக்கத் தொண்டை கிழியும் கூச்சல். ஜப்பானின் என்வி குழு அதே கூச்சலை நீண்ட, மெல்ல ஏறும் இசையோடு இணைத்தது. 'எ டெட் சிங்க்கிங் ஸ்டோரி' (2003) அதற்கு நல்ல தொடக்கம். மெட்டல் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பத்தியை இப்போதைக்குத் தாண்டிவிடலாம்.

இவ்வளவு பெயர்களில் பெண்குரல் எவ்வளவு குறைவு என்பதைக் கவனித்திருப்பீர்கள். இது தற்செயல் அல்ல. 2000களின் எமோவில் பெண் என்பவள் பெரும்பாலும் பாடகரைக் கைவிட்டுப் போனவள். அவளுக்குப் பெயரும் இல்லை, பேச்சும் இல்லை, சாபம் மட்டும் உண்டு. விமர்சகர் ஜெசிகா ஹாப்பர் 2003இல் 'பங்க் பிளானட்' இதழில் இதைக் கடுமையாக எழுதினார், இன்றும் அந்தக் கட்டுரை பொருந்துகிறது. பாராமோரின் 'மிசரி பிசினஸ்' பாட்டில் இன்னொரு பெண்ணை இழிவாகச் சொல்லும் வரியின் காரணமாக 2018இல் அதை மேடையில் பாடுவதையே ஹேலி வில்லியம்ஸ் நிறுத்தினார். 2022இல்தான் மறுபடி பாடத் தொடங்கினார். மறுபக்கத்தைக் கேட்க 1990களிலேயே ஆள் இருந்தது. விஸ்கான்சினின் ரெய்னர் மரியா குழுவில் கெய்த்லின் டி மரே பேஸ் வாசித்துப் பாடினார். 'லுக் நவ் லுக் அகெய்ன்' (1999) 'டயரி'க்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது. ஆஸ்திரேலியாவின் கேம்ப் கோப் மூன்று பெண்கள் நடத்திய குழு. 2018 ஆல்பத்தில் இசை உலகம் பெண்களை நடத்தும் விதத்தையே பாட்டாக்கினார்கள். இந்த இரண்டையும் கடைசிக்குத் தள்ளாமல் முதல் மாதத்திலேயே கேளுங்கள்.

தேடும்போது வரும் சிக்கல்கள் சில. எம்ப்ரேஸ் என்று தேடினால் முதலில் வருவது 1990களின் ஆங்கிலேயக் குழு; வாஷிங்டன் எம்ப்ரேஸின் ஆல்பம் 1987 டிஸ்கார்ட் வெளியீடு என்று பார்த்து உறுதி செய்யுங்கள். அமெரிக்கன் ஃபுட்பாலின் முதல் மூன்று ஆல்பங்களுக்கும் குழுவின் பெயரே பெயர். ஆண்டை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்: 1999, 2016, 2019. 'பிளீட் அமெரிக்கன்' சில பதிப்புகளில் 'ஜிம்மி ஈட் வேர்ல்ட்' என்ற பெயரில் இருக்கும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு தலைப்பை மாற்றினார்கள், பின்னர் பழைய பெயருக்கே திரும்பினார்கள். இரண்டும் ஒன்றுதான். பிரெய்ட், மினரல், தர்ஸ்டே போன்ற பொதுச்சொற்களை ஆல்பத்தின் பெயரோடு சேர்த்துத் தேடினால்தான் கிடைக்கும். 'எமோ' என்று பெயரிட்ட தானியங்கிப் பட்டியல்களில் எமோ ராப் பாட்டுகளும் கலந்து வரும். அது தனி உலகம், வேண்டுமானால் பிறகு போகலாம்.

வாரத்துக்கு ஓர் ஆல்பம் போதும். ஒரே நாளில் ஐந்து கேட்டால் எல்லாக் குரலும் ஒரே குரலாகிவிடும். முதல் மூன்று முடிந்ததும் எதற்கு நீங்களாகவே திரும்பிப் போகிறீர்கள் என்று பாருங்கள். 'டயரி'யின் உயரமும் வெடிப்பும் இழுத்தால் அடுத்தது டெக்சஸின் மினரல், 'த பவர் ஆஃப் ஃபெயிலிங்' (1997). பதிவு கரடுமுரடு, ஆனால் பாட்டுகள் நெஞ்சைப் பிசையும். அமெரிக்கன் ஃபுட்பாலின் கிட்டார் பின்னல் இழுத்தால் அதே ஷாம்பெய்ன் ஊரின் பிரெய்ட், அதன்பின் ஆல்ஜெர்னான். 'பிளீட் அமெரிக்கன்' மட்டுமே ஒட்டியதென்றால் மற்ற இரண்டையும் வலிந்து கேட்க வேண்டாம். கான்சஸ் சிட்டியின் த கெட் அப் கிட்ஸ், 'சம்திங் டு ரைட் ஹோம் அபவுட்' (1999) எடுத்துக்கொள்ளுங்கள். மினரலோ பிரெய்டோ ஆறு மாதம் கழித்தும் அங்கேயேதான் இருக்கும்.